மாமியார் ஏற்றத்தில் ஒன்பது நொடி

கிளஃபீரா போட்டிகளில் ஓடிய பதினெட்டு வருஷமும், தனக்கு முன்னால் ஓடுகிறவளை அநேகமாகக் கண்ணால் பார்த்ததே இல்லை. காதால்தான் தெரிந்துகொண்டாள்.

அந்தப் பனிச்சறுக்கு ஓட்டம் அப்படி. அரை நிமிஷத்துக்கு ஒருத்தியாகக் கிளப்பி விடுவார்கள்; யார் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தாள் என்பதுதான் கணக்கு. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் காடு. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், நடுவே இரட்டைக் கோடாகத் தடம், காலில் நீளப் பலகை, கையில் கோல். ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்று மரம் சொல்லாது. வளைவுக்கு வளைவு நம் ஆள் ஒருவன் கடிகாரத்தோடு நின்று கத்த வேண்டும்: "நாலாவது! மூணாவது ஆளுக்கு அஞ்சு நொடி பின்னாடி!" ஓடுகிறவளுக்கு அந்தக் குரல்தான் கண்.

அந்தக் குரல் பொய் சொல்லும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பினெகா ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஊரான யூலாவில் பாலிச் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். அவெனீர் பாவ்லவிச் என்பது முழுப்பெயர். அப்படிச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சரியான நொடியைக் கத்தியதில்லை. முன்னால் போகிறவளிடம் பின்தங்கிவிட்டாய் என்பார். பின்தங்கியவளிடம் இதோ கை நீட்டினால் பிடித்துவிடலாம் என்பார்.

"ஓடறவளுக்கு எதுக்குடா உண்மை? அது ஓடி முடிச்சவளுக்கு. அறிவிப்புப் பலகையில ஒட்டுவாங்க, உக்காந்து நிதானமா படிச்சுக்கட்டும்" என்பது அவர் கட்சி.

பெண்கள் பழகிக்கொண்டார்கள். பாலிச் ஐந்து என்றால் மனதுக்குள் மூன்றைக் கழித்தார்கள். கழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் பத்து என்றார். அவர்கள் எட்டைக் கழித்தார்கள். ஒரு பிப்ரவரியில், "நாப்பது நொடி பின்னாடி இருக்கே, வெக்கமா இல்ல?" என்று ஒருத்தியைப் பார்த்து அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்த, அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போய் முதல் பரிசு வாங்கினாள். மற்ற ஊர்க்காரர்களும் இதே வித்தையைத்தான் செய்தார்கள். காடு முழுக்க, தெரிந்தே சொல்லி, தெரிந்தே கேட்டுக்கொள்ளும் பொய்.

பாலிச்சிடம் ஓடிக்கொண்டிருந்த எஃபீமும் முதலில் அந்தப் பொய்யைத்தான் கத்தினான். முழங்கால் முறுக்கிக்கொண்டு ஓட முடியாமல் போன வருஷம் அது. பாலிச் அவன் கையில் கடிகாரத்தைக் கொடுத்து ஒரு வளைவில் நிறுத்தினார். கிளஃபீராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் வந்தபோது, சொல்லிக்கொடுத்தபடி, "மூணு நொடி பின்னாடி!" என்று கத்தினான்.

பாலிச்சின் பொய்யில் எவ்வளவு கழிப்பது என்று அவளுக்குத் தெரியும். இவன் புது ஆள். மூன்றை மூன்றாகவே எடுத்துக்கொண்டாள். உயிரை விட்டு ஓடி, முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். பிறகு பார்த்தால் அந்த வளைவில் அவள் இருபது நொடி முன்னால் இருந்திருக்கிறாள். மறுநாள் நாலு பேர் தொடரோட்டத்தில் அவளுக்குக் காலே எழும்பவில்லை. அணி கடைசிக்கு முந்தி வந்தது.

பலகை வழுக்குவதற்காக மெழுகு தேய்க்கும் கொட்டகையில் பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்த எஃபீமைத் தேடி அவளே வந்தாள்.

"மூணுன்னு கத்தினது நீதானே?"

"ஆமா. பாலிச் சொல்லச் சொன்னார்."

"நான் இருபது முன்னாடி இருந்தேன்."

"ஜெயிச்சிட்டேல்ல?"

"நேத்து ஜெயிச்சேன். இன்னைக்கு மூணு பேரை என்னோட சேர்த்துத் தோக்கடிச்சேன். அதுக்கு நீ வாயில பனியை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கலாம்."

அவன் தன் தேநீர்க் கோப்பையை நீட்டினான். கருந்திராட்சை ஜாம் போட்டது. அவள் நின்றபடியே முழுவதும் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லாமல் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அவன் கல்யாணத்துக்குக் கேட்டபோது அவள் வைத்தது ஒரே நிபந்தனை.

"மத்தவளுங்களுக்கு நீ என்ன வேணா கத்து. எனக்கு மட்டும் இருக்கறது இருக்கறபடி."

"ரொம்ப மோசமா இருந்தா?"

"மோசத்தை நான் பாத்துக்கறேன். நீ கத்து."

அப்படியே கத்தினான். "பதினெட்டு! ஏறிக்கிட்டே போகுது!" என்று அவன் மனைவியைப் பார்த்துக் கத்துவதைக் கேட்டு அவனை ஃபீமா என்றே கூப்பிடும் பக்கத்து வளைவுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "வீட்டுல ஏதாவது சண்டைன்னா வீட்டோட வச்சுக்க, ஃபீமா. காட்டுல வந்து ஏன்யா அந்தப் பொண்ணைக் கொல்றே?"

அவன் கத்துவதைக் கழிக்காமல் கேட்கலாம் என்பதால் அவள் ஓட்டமே மாறியது. எங்கே அள்ளிக் கொடுப்பது, எங்கே கையை மூடிக்கொள்வது என்று கணக்குப் போட்டு ஓடினாள். மாகாணத்தில் பலமுறை முதலாவதாக வந்தாள். தேசியப் போட்டிகளில் ஐந்தாவது, ஏழாவது, ஆறாவது. மகள் உல்யானா பிறந்தபோது ஒரு குளிர்காலம் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் எஃபீமின் கோட்டுக்குள் குழந்தை தூங்க, அவன் ஒற்றைக் கையால் பலகைக்கு மெழுகு தேய்த்தான். ஒரு தடவை உலகப் போட்டிக்கு மாற்று ஆளாக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பத்து நாளும் மற்றவர்களுக்குச் சுடுதண்ணீர்க் குடுவை சுமந்துவிட்டு, எண் அட்டையை ஒருமுறைகூட மார்பில் கட்டாமல் திரும்பி வந்தாள். ஊரில் கேட்டவர்களிடம், "அங்க தண்ணி நல்லா கொதிக்குது" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அவளுக்குள் அது ஆறவில்லை என்று எஃபீமுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, சும்மா கூடப் போனவளாக இல்லாமல், ஓடுகிறவளாகப் போக வேண்டும். உலகப் போட்டியில் கடைசியாக வந்தாலும் சரி.

அவளுடைய முப்பத்தைந்தாவது வயதில் அந்த வாசல் கடைசியாகத் திறந்தது. யூரால் மலைப்பக்கம் தேசியப் போட்டி, முப்பது கிலோமீட்டர். முதல் மூன்று பேருக்கு உலகப் போட்டி அணியில் இடம். நான்காவது ஆளுக்கு ஒரு கைகுலுக்கல். அடுத்த வருஷம் வயதைக் காட்டியே கழித்துவிடுவார்கள். பாலிச்சுக்கும் வேலையில் அதுதான் கடைசிக் குளிர்காலம். முப்பது வருஷத்தில் அவர் கையால் வளர்ந்த ஒருத்திகூட அந்த அணிக்காக ஓடியதில்லை.

அன்று காலை கோதுமைக் கஞ்சியை இரண்டு கரண்டிக்கு மேல் அவளால் விழுங்க முடியவில்லை. அறையைவிட்டுக் கிளம்புமுன் வழக்கப்படி மூவரும் கட்டில் ஓரத்தில் பேசாமல் சற்று உட்கார்ந்தார்கள். பிறகு பாலிச் எழுந்து, கெட்டது நினைத்தால்தான் நல்லது நடக்கும் என்ற பழக்கத்தில், "உருப்படாம போ, கிளாஷா" என்று அவளைச் செல்லப் பெயரால் வாழ்த்தினார்.

"பேய்கிட்ட போங்க" என்றாள் அவள், சொல்ல வேண்டிய பதிலை. 

மெழுகில் எஃபீம் தவறு செய்யவில்லை. பனி அப்போதுதான் பொழிய ஆரம்பித்திருந்தது. மூன்று முறை தேய்த்து, மூன்று முறை தானே ஓடிப் பார்த்து, நான்காவது மெழுகை வைத்தான். அவள் ஒரு காலால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். கிளம்பும் வரிசையில் நிற்கும்போது அவன் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீ எங்க நிக்கறே?"

"மாமியார் அடியில."

மூன்று சுற்றும் கடந்து போக வேண்டிய ஏற்றம் அது. ஒவ்வொரு தடவையும் இதோ முடிந்தது என்று தோன்றும் இடத்தில் இன்னொரு திருப்பம் திரும்பி மறுபடி ஏறும். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது; மாற்றுப் பெயர் யாரும் யோசித்ததுமில்லை.

முதல் சுற்றில் அவள் ஆறாவது. எஃபீம் ஆறு என்றே கத்தினான். இரண்டாவது சுற்றில் ஐந்தாவது. மூன்றாவது சுற்றின் பாதியில் வாக்கிடாக்கி கரகரத்தது. பாலிச்.

"ஃபீமா, முதல் ரெண்டு பேரும் பறந்துட்டாளுங்க, அவளுங்களை விடு. மூணாவது ரோஸா. நம்மவ நாலாவது வந்துட்டா. கேக்குதா? நாலாவது!"

எஃபீம் பொத்தானை அழுத்தினான். "எவ்வளவு?"

"எவ்வளவா இருந்தா என்ன? ரெண்டுன்னு கத்து."

"பாலிச்..."

"உன் கல்யாண சத்தியத்தையெல்லாம் நாளைக்கு வச்சுக்க. ரோஸா வாயைப் பொளந்துகிட்டு ஓடறா. ரெண்டுன்னு கேட்டா நம்மவ மாமியார்லயே எட்டிப் பிடிச்சுடுவா. டேய், வாழ்க்கையில ஒரே ஒரு தடவை மனுஷன் மாதிரி பொய் சொல்லு."

ரோஸா அவளுக்கு ஒன்றரை நிமிஷம் முன்னால் கிளம்பியவள். ஆகவே கணக்கு எளிது. ரோஸா தன்னைக் கடக்கும்போது எஃபீம் கடிகாரத்தைத் தட்ட வேண்டும். ஒன்றரை நிமிஷத்துக்குள் கிளஃபீரா அந்த இடத்துக்கு வந்துவிட்டால் அவள் முன்னால். அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு நொடியும் கடன்.

ரோஸா வந்தாள். எச்சில் தாடையில் உறைந்திருந்தது. அவளுடைய ஆள் மேட்டிலிருந்து ஏதோ ஒரு பொய்யைக் கத்தினான். எஃபீம் கடிகாரத்தைத் தட்டினான்.

பனி அடர்த்தியாக விழுந்தது. கடிகாரத்தின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தான். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். வளைவில் யாரோ வந்தாற்போல் இருந்து, யாருமில்லை. கிளையிலிருந்து பனி சரிந்தது. ஒன்றரை நிமிஷம் ஆனது.

வளைவு வெறுமையாக இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. இப்போது வந்தால்கூட மூன்று, உண்மையே பாலிச்சின் பொய் மாதிரி இருக்கும், வா, வந்துவிடு என்று அவன் உதடு முணுமுணுத்தது. நான்கு. அவளுடைய சிவப்புத் தொப்பி வளைவில் தெரிந்தது. தெரிந்துவிட்டது, ஆனால் அங்கிருந்து இங்கே வர வேண்டுமே. வாக்கிடாக்கி அவன் மார்பில் கத்திக்கொண்டிருந்தது: "ரெண்டு, ஃபீமா, ரெண்டு, ரெண்டு!"

அவள் இமைகளில் பனி வெள்ளையாகக் கட்டியிருந்தது. ஓடுகிறவர்கள் தடத்தைப் பார்ப்பார்கள், அல்லது எதையுமே பார்க்க மாட்டார்கள். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளை அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கால் நடுங்குகிறது. இரண்டு என்றால் பாய்வாள், நிச்சயம் பாய்வாள். பிடித்தாலும் பிடித்துவிடுவாள். பிறகு அவளே சிரிப்பாள், அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு. ஒரு சொல். யாரும் சாகப்போவதில்லை.

அவள் அவனைக் கடந்தபோது கடிகாரம் ஒன்பது காட்டியது.

"ஒன்பது!" என்று கத்தினான். "நாலாவது! ஒன்பது நொடி! கிளாஷா, ஒன்பது!" தொடையளவு பனியில் விழுந்து எழுந்து அவளோடு நாலு அடி ஓடினான். அதற்குமேல் பனி விடவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகம் எடுக்கவில்லை. தோளைத் தளர்த்தினாள். எட்டு வைப்பதைச் சின்னதாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் உலாவப் போகிறவளைப் போல, அவசரமே இல்லாமல் மாமியாரில் ஏறினாள். கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தான். ஒன்பதைக் கேட்டதும் உள்ளே ஏதோ அணைந்துவிட்டது. இரண்டாவது திருப்பத்தில் சிவப்புத் தொப்பி மறைந்தது.

 

பிறகு, மைதானத்துப் பக்கமிருந்து ஒலிபெருக்கி, காற்றுக்குத் தக்கபடி வந்தும் அறுந்தும். "...மூன்றாம் இடத்துக்கான போட்டி..." எஃபீம் அந்தத் திசையில் காட்டுக்குள் குறுக்கே ஓடத் தொடங்கினான். "...யூலாவின் கிளஃபீரா... ஐந்து நொடி..." மரத்தில் தோள் இடித்தது. "...மூன்று..." ஏற்றம் தாண்டியதும் வரும் நீண்ட இறக்கத்தில் அவள் சேர்த்து வைத்த காலையெல்லாம் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். "...இரண்டு நொடிகூட இல்லை..." மைதானம் கண்ணில் பட்டபோது அவள் நேர்ப்பாதையில் இருந்தாள், கோல்களைக் குத்துவது பனியை அல்ல, யாரையோ என்பது போலிருந்தது. ரோஸா ஏற்கெனவே ஓடி முடித்து, பனியில் படுத்தபடி, தலையை மட்டும் தூக்கி எண்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளஃபீரா காலை நீட்டிக் கோட்டுக்கு மேல் விழுந்தாள்.

எண்பலகை கொஞ்ச நேரம் யோசித்தது.

நான்காவது. வித்தியாசம் அரை நொடிகூட இல்லை. ஒரே நேரத்தில் ஓடியிருந்தால் இரண்டு பலகை நீளம்.

பாலிச் வந்தார். குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போல எஃபீமின் கழுத்திலிருந்து வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டார். "ஏத்தத்துல தூங்கினா பாத்தியா? உன் ஒன்பதைக் கேட்டுட்டுத் தூங்கினா. அங்க ஒரே ஒரு நொடி போதும். ஒரு நொடி!"  அதன்பிறகு அவனோடு அவர் பேசியது இரண்டு குளிர்காலம் கழித்துத்தான், அதுவும் குளியலறை விறகு பற்றி.

திரும்பும் ரயிலில் கிளஃபீரா மேல் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று அவன் நினைத்தபோது திரும்பாமலே கேட்டாள்.

"ஒன்பதுதானே?"

"ஒன்பதுதான்."

"சரி."

அவ்வளவுதான். அவள் அவனைக் குறை சொல்லவில்லை. குறை இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னொரு குளிர்காலம் மாகாணப் போட்டிகளில் ஓடிவிட்டு, பலகைகளைக் கொட்டகைச் சுவரில் சாத்தினாள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையானாள். ஊருக்குத்தான் விஷயம் தீரவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் எஃபீம் நின்றால் யாராவது ஒரு பெண் சொல்வாள்: "அவர்கிட்ட மணி கேக்காதீங்கடி, சரியாச் சொல்லித் தொலைச்சிடுவார்." வரிசை சிரிக்கும். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து கொட்டகையில் வேலையில்லாமல் நிற்பான். இரண்டு என்று கத்தியிருந்தால்? இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வி ஒரு பல்வலி போல, இருப்பது மறந்து, குளிர்காற்று பட்டதும் தெரிந்து, கூடவே இருந்தது.

*

கிளஃபீராவுக்கு ஐம்பத்தெட்டு ஆன இலையுதிர் காலத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. மாவட்ட ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர், வழக்கப்படி, நோயாளியை விட்டுவிட்டு எஃபீமையும் உல்யானாவையும் வெளி வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்னப் பெண்தான், பேசும்போது சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கடைசியில், "அவங்ககிட்ட அல்சர்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றது. நம்பிக்கையோட இருந்தா நல்லா சாப்பிடுவாங்க" என்றாள்.

மருத்துவர் போனதும் உல்யானா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அல்சர். சரியாப்பா? அல்சர், மருந்து சாப்பிடணும், வசந்தத்துல சரியாயிடும். நான் பேசறேன். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க."

எஃபீம் கதவைப் பார்த்தான்.

"அப்பா. எனக்கு உங்களைத் தெரியும். வேணாம்." சட்டைக் கையை அவள் விடவில்லை. "ஊரே சொல்லுது, அன்னைக்கு நீங்க ஒரு பொய் சொல்லியிருந்தா அம்மா உலகப் போட்டிக்குப் போயிருப்பாங்கன்னு. அப்பத்தான் சொல்லலை. இப்பவாவது சொல்லுங்க. இது ஓட்டப்பந்தயம் இல்லப்பா."

"தெரியும்."

"ஒரே ஒரு தடவை."

பாலிச்சின் அதே வார்த்தைகள். அவன் மார்பில் ஏதோ கரகரத்தது போலிருந்தது. கதவுக்கும் அவனுக்கும் ஆறேழு அடி. அல்சர் என்பது நல்ல சொல். சின்னச் சொல். அவள் சாப்பிடுவாள், சண்டை போடுவாள், தோட்டத்துக்கு விதை வாங்கச் சொல்வாள். கதவைத் திறக்கும்போதுகூட அவன் முடிவு செய்திருக்கவில்லை.

கிளஃபீரா கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோலை ஒரே சுருளாக எடுப்பது அவள் பழக்கம். உல்யானா சிரித்த முகத்தோடு முன்னால் போனாள். "அம்மா, ஒண்ணும் பயமில்லையாம், அது வெறும்..."

கிளஃபீரா மகளைப் பார்க்கவில்லை. எஃபீமின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபீமா," என்றாள். "கத்து."

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"கட்டி. வயித்துல ஆரம்பிச்சு ஈரலுக்குப் போயிடுச்சு. அறுத்து எடுக்க முடியாதாம். கோடை வரைக்கும் இருந்தா பெரிய விஷயம்ங்கறாங்க."

உல்யானாவின் கைப்பை தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்காமலே வராந்தாவுக்குப் போய்விட்டாள். கதவுக்கு அப்பால் அவள் அழுவது கேட்டது.

கிளஃபீரா ஆரஞ்சுத் தோலின் சுருளை முடித்து எடுத்தாள். அறுபடாமல் வந்தது.

"கழிக்கணுமா?"

"வேணாம்."

"கூட்டணுமா?"

"இருக்கறது இருக்கறபடி."

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். அன்று மாமியார் அடியில், அவள் தொப்பி மறைந்தபின் நின்ற மாதிரி. பிறகு அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. அதை அவன் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறான்.

"அப்போ ஏத்தத்துல அவசரப்பட வேண்டாம்" என்றாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் அவனுக்கு ஒரு சுளை கொடுத்தாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். முந்தியே சொல்லியிருக்கணும். அன்னைக்கு, உன் வளைவுக்கு முந்தின வளைவுல தொல்யா நின்னான்ல, பாலிச்சோட எடுபிடி. அவன் ரெண்டுன்னு கத்தினான்."

எஃபீம் நிமிர்ந்தான்.

"ரெண்டு! பிடிச்சிடலாம்! அப்படின்னான். நான் பாய ஆரம்பிச்சிட்டேன். கால் எரியுது, சரி, ரெண்டுதானேன்னு. அப்புறம் நீ ஒன்பதுங்கறே. ஒரு வளைவுல ரெண்டு ஒன்பதாகுமா? யாரோ ஒருத்தன் பொய். யாருன்னு எனக்குத் தெரியாதா? மாமியார்ல நிறுத்திக்கிட்டேன். இறக்கத்துக்கு எடுத்து வச்சுக்கிட்டேன்."

"பாஞ்சிருந்தா?"

"பிடிச்சிருக்கலாம். பாதி ஏத்தத்துல விழுந்து பத்தாவதா வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும், ஃபீமா? எனக்கே தெரியாது. ரெண்டுல ஒண்ணை எடுத்தது நான். ஊர்கிட்ட திட்டு வாங்கினது நீ." அவள் சற்று நிறுத்தினாள். "சொல்லியிருந்தா என்னைத் திட்டுவாங்கன்னு இருந்துட்டேன். அழகா இல்ல, தெரியும்."

"இருபத்திமூணு வருஷம்!" என்றான் அவன். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆயிற்று. "ரொட்டிக் கடையில என்கிட்ட யாரையும் மணி கேக்க விடமாட்டாங்கடி."

"இனிமே கேக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள். "அவளைக் கூப்பிடு உள்ள. வராந்தாவுல நின்னு மூக்கைச் சிந்தறா."

*

அவளுக்குக் கோடை கிடைக்கவில்லை. ஆனால் மார்ச் கிடைத்தது.

பகலில் உருகி இரவில் இறுகும் பனி, காலையில் ஓடு போல் கெட்டியாக நிற்கும். எங்கு வேண்டுமானாலும் சறுக்கிப் போகலாம். அப்படி ஒரு காலையில் கிளஃபீரா கொட்டகையிலிருந்து பலகைகளை எடுத்துவரச் சொன்னாள். உல்யானா வேண்டாம் என்று வாய் திறந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, சால்வையை மட்டும் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

ஆற்றோரமாகப் பழைய தடத்தில் போனார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். சிவப்புத் தொப்பி இப்போது அவளுக்குப் பெரிதாக இருந்து கண்ணை மறைத்தது, அடிக்கடி தள்ளிவிட்டுக்கொண்டாள். வேட்டைக்காரர் குடிசை வரை போய், வாசல் பலகையில் உட்கார்ந்து, குடுவைத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும்போது பத்து எட்டுக்கு ஒருமுறை நின்றாள். கோல்களில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். அவனும் நின்றான்.

"ஒரு கிழவி வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறா," என்றாள் திரும்பாமல். "தடம் விடுன்னு கத்த வேண்டியதுதானே? போட்டியில அப்படி விதி இருக்கு. விலகிக்கணும் நான்."

"எனக்கொண்ணும் அவசரமில்ல."

"பயந்துட்டான்."

மறுபடி நடந்தாள். மரம் அறுக்கும் ஆலையின் புகைபோக்கி இன்னும் கண்ணில் படவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓடு உடைந்து கால் புதையத் தொடங்கும். அதற்குள் வீடு சேர வேண்டும். அவன் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தான். கேட்டால் கோலால் அடிப்பாள்.

அடுத்த வளைவில் அவள் நின்றாள். இந்தத் தடவை வெகுநேரம்.

"ஃபீமா. இன்னும் எவ்வளவு?"

வளைவைத் தாண்டினால் ஆற்றுமேடு, பிறகு படகுத்துறை, பிறகு நீளமான வேலி. இதோ வந்துவிட்டது என்று சொல்லலாம். யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

"ரெண்டு கிலோமீட்டர்" என்றான்.

அவள் தலையசைத்தாள். தோளைத் தளர்த்தினாள். தொப்பியை மேலே தள்ளிவிட்டு, கோல்களைச் சற்று அருகே ஊன்றி, எட்டைச் சின்னதாக்கி, மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.